கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த முக்கோணங்கள்

1

இந்த ஊரில் பனி கொட்டினால் விடிவதற்குள் தெருவெல்லாம் உப்புப் போட்டுவிடுவார்கள். பனி இளகி வழுக்காமல் இருக்க அது. மாசி மாதம் முடியும்வரை என் சப்பாத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று அழியாமல் இருக்கும். வேலைக்குப் போனதும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆய்வுகூடத்துக்கென்று வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே நாங்கள் உப்பை மில்லிகிராமில் நிறுத்துப் போடுகிறவர்கள். தெரு உப்பு ஒரு பொடி உள்ளே வந்தாலும் அன்றைய வேலை சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

ஜேர்மனிக்கு வந்து இந்த மாசியோடு பன்னிரண்டு வருடம். சும்மா இருந்த என்னை, குடியுரிமைக்கு விண்ணப்பம் போடு என்று கணவர் பிடித்துத் தள்ளினார். இங்கே ஒரு கடதாசி கேட்டால் அதற்குப் பின்னால் நான்கு கடதாசி வரும். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் உண்மையான மொழிபெயர்ப்பாளர்தான் என்பதற்கு ஒரு முத்திரை. பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி வேறு வேண்டுமாம்.

அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையான மனிதர். படிவத்தைப் பார்த்தபடி, "உங்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லைத்தானே?" என்று கேட்டார். நான் உடனே "ஆம்" என்றேன். ஊரில் நாங்கள், 'இல்லைத்தானே' என்பதற்கும் ஓம் என்றுதான் சொல்வோம். நீங்கள் சொல்வது சரி என்ற அர்த்தத்தில். பன்னிரண்டு வருடமாகியும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அவர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பதறிப்போய்த் திருத்தினேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ட்ராமில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குற்றம் ஒன்று இருக்கிறது. அது எந்தப் படிவத்திலும் எழுதத் தேவையில்லாதது. ஊரில் இருப்பவர்கள் வாசிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்டால் அம்மா, "உலைக்குள்ள என்னமோ வளக்கிறாவாம்" என்று சொல்லி முடித்துவிடுவா. அது சரிதான். கண்ணாடிக் குழாய் ஒன்று, அதைச் சுற்றி மின்சார உலை. குழாய்க்குள் நகமளவு சிலிக்கன் தட்டு. பக்கத்தில் மொலிப்டினம் கலந்த பொருள், காற்று வரும் பக்கத்தில் கந்தகத்தூள். எழுநூறு பாகைக்கு மேல் சூடாக்கினால் இரண்டும் ஆவியாகி, தட்டில் போய்ப் படிந்து ஒரு படலமாக வளரும். மூன்று அணுத் தடிப்புத்தான். அதைவிட மெல்லியதாக ஒரு குறைகடத்தியை நினைத்துப் பார்ப்பதும் கஷ்டம். நாளைக்கு வரப்போகும் சின்னஞ்சிறு மின்சுற்றுகளுக்கு இது உதவும் என்று உலகமெல்லாம் இதன் பின்னால் நிற்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முக்கோணம் முக்கோணமாகத் தெரியும். முக்கோணம் பெரிதாக இருந்தால் எங்களுக்கு நல்ல நாள்.

மொலிப்டினம் இலகுவில் ஆவியாகாது. நிறையச் சூடு வேண்டும். சூட்டைக் கூட்டினாலும் பொட்டுப் பொட்டாகத்தான் வரும். அதற்குத்தான் உப்பு. நம் குசினியில் இருக்கிற அதே கறியுப்பு. கொஞ்சம் சேர்த்தால் அது மொலிப்டினத்தோடு கூடி, குறைந்த சூட்டிலேயே ஆவியாகிற ஒன்றாக மாறிவிடும். ஆவி தாராளமாக வரும், முக்கோணங்கள் பெரிதாக விரியும். கூடிப்போனால் அதுவும் வினைதான். படலம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தடித்துப்போகும். மிஞ்சின சோடியம் தட்டிலேயே தங்கி, பிறகு அதில் செய்கிற கருவி சொன்ன பேச்சுக் கேட்காது. எவ்வளவு போட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

இதை எனக்கு இங்கே வந்து மூன்றாவது வருடம் உல்ரிக்க என்ற எங்கள் தலைவி சொல்லித் தந்தா. ஆனால் உப்புப் போட்ட முக்கோணத்தை நான் முதலில் பார்த்தது இங்கே அல்ல.

3

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஆய்வுக்கு இருவர் இருவராகப் பிரித்தபோது எனக்கும் ஏறாவூர் றிஸ்னாவுக்கும் ஒரே தலைப்பு விழுந்தது. நான் நாவற்குடாவில் இருந்து இரண்டு பஸ் பிடித்து வருகிறவள். அவள் வீட்டில் இருந்து வளாகம் கொஞ்சத் தூரம்தான். நான் வந்து சேரும்போது உலை ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கும். என்ன நடந்தாலும் முதலில் கத்துகிறவள் அவள்தான். தட்டில் ஒரு புள்ளி தெரிந்தாலே, எங்கள் பக்கத்துப் பெண்கள் தோழியை அழைக்கிற 'கா' போட்டு, கூடமே அதிர்கிற மாதிரிக் கூப்பிடுவாள்.

எங்களைப் பார்த்துக்கொண்ட விரிவுரையாளரை நாங்கள் சேர் என்போம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போய் வரும்போது சிலிக்கன் வட்டு ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தார். அதை நகமளவு துண்டுகளாக வெட்டி, எண்ணிக் கொடுப்பார். நாங்கள் மொலிப்டினம் கலந்த தூளைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளியைத் தட்டில் விட்டுக் காய வைத்து, கந்தகத்தோடு உலையில் வைப்போம். அந்தத் தண்ணீர் ஒன்றும் கலவாத, ஆவியாக்கி வடித்த தண்ணீராக இருக்க வேண்டும். ஐந்து லீற்றர்க் கான் ஒன்றில் அதைப் பிடித்து வைப்பது என் பொறுப்பு. சொட்டுச் சொட்டாக நிரம்ப இரண்டு மணித்தியாலம் எடுக்கும். கூடத்தில் வைத்தால் ஆளாளுக்கு ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் கானை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன்.

வைகாசி. ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கும் கிழமை. சடங்கு என்றால் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவுவா. பானை, குடம், வாளி எதிலும் பழந்தண்ணீர் நிற்கக்கூடாது. எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதிதாக அள்ளி நிரப்புவா. அன்று காலை நான் பஸ்சுக்கு ஓடுகிற அவசரத்தில் கானைத் தூக்கினேன். அம்மா பின்னால் வந்து சொன்னா.

"மகள், கானுக்குள்ளயும் பழந்தண்ணி நிண்டிச்சு. ஊத்திப்போட்டு நம்மட கிணத்துல அள்ளி நிரப்பி வெச்சிருக்கன்."

"ஐயோ அம்மா! அது வடிச்ச தண்ணியெல்லோ!"

"இதுவும் நல்ல தெளிஞ்ச தண்ணிதான். சடங்கு நாளையில பழந்தண்ணி வெச்சிருக்கப் படாது."

எங்கள் வீடு, கடலோடு கலக்கிற உப்பு வாவியின் கரையில். கிணறு ஒன்றுதான், குளிக்கவும் துவைக்கவும். குடிக்கிற தண்ணீர் இரண்டு வளவு தள்ளிப் போய் எடுப்போம். மழை நின்று வெயில் ஏற ஏற, வாவித் தண்ணீர் மண்ணுக்குள்ளால் ஏறி எங்கள் கிணறு உவர்த்துப்போகும். வைகாசியில் அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போடத் தேவையில்லை. நாவற்குடாவில் பிறந்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

பஸ் வந்துவிட்டது. இனி வளாகத்துக்குப் போய் இரண்டு மணித்தியாலம் சொட்டு எண்ணிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று ஒரு அலுப்பு. ஒரு துளி தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கானைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அதுவரை அது சோம்பல்தான். சோம்பலை யாரும் மன்னிப்பார்கள்.

4

அன்று மாலை நுணுக்குக்காட்டியில் இருந்து றிஸ்னா தலையை எடுக்கவேயில்லை.

"சுபா, இஞ்ச வா கா! ஓடி வா!"

நான் போய்க் குனிந்து பார்த்தேன். இவ்வளவு நாளும் தூசி மாதிரிப் பொட்டுகளைத்தான் பார்த்திருந்தோம். அங்கே முக்கோணங்கள் நிறைந்து கிடந்தன. கூர் மூலைகள், நேரான பக்கங்கள். குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரிந்தன.

"எவ்வளவு பெரிசா இரிக்கி பாரன்! அல்லாஹ், என்ட கண்ணே பட்டிரும் போல இரிக்கி."

அந்தக் கிழமை அதே கானில் மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் முக்கோணம். சேர் கொழும்புக்குப் போயிருந்தார். கூடத்துக் கமரா அப்போது வேறு வேலைக்குப் போயிருந்ததால் றிஸ்னா பென்சிலால் கொப்பியில் வரைந்து வைத்தாள். அன்று வீட்டுக்குப் போய்த் தன் வாப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருந்தவர் அவர். நான் போனால் எனக்கும் அவர் வாப்பாதான். "என்ட மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தட்டுகளையும் பாத்திரங்களையும் அலசவும் எடுத்ததில் கான் முடிந்தது. நான் வேறொரு கானில் ஒழுங்காக வடித்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு முக்கோணமும் இல்லை.

சேர் வந்தார். கொப்பியைப் பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் அளந்து பேசுகிற மனிதர்.

"ஒருக்கா வந்தது போதாது புள்ளயள். திருப்பிச் செய்து காட்டுங்க."

இரண்டு கிழமை செய்தோம். சூட்டைக் கூட்டினோம், குறைத்தோம், கந்தகத்தை மாற்றினோம். பொட்டுகள்தான் வந்தன. மிஞ்சியிருந்த முக்கோணத் தட்டு ஒன்றே ஒன்று. மற்ற இரண்டையும் வேறு சோதனைக்கென்று அமிலத்தில் போட்டு நாங்களே அழித்திருந்தோம். அந்த ஒன்று பழைய தட்டோ, வேறு யாருடையதோ, கீறலோ என்று கூடத்தில் ஒருவன் பகிடி பண்ணினான். நுணுக்குக்காட்டியில் எப்போதும் இருந்தவள் றிஸ்னா. பகிடியெல்லாம் அவள் தலையில்தான் விழுந்தது.

அந்த இரண்டாவது கிழமையில்தான் பழைய கானைக் கழுவ எடுத்தேன். அடியில் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் ஒன்று. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் கிணறு.

கூடத்தில் அப்போது யாரும் இல்லை. வெள்ளை வளையம் போகும்வரை தேய்த்துக் கழுவினேன். அது சோம்பல் இல்லை.

மறுநாள் சேர் எங்கள் இருவரையும் அழைத்து உட்கார வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கிழமையில வேற ஏதாவது மாறினதா? தூள், தட்டு, தண்ணி?"

றிஸ்னா என்னைப் பார்த்தாள். தண்ணீர் என் பொறுப்பு என்பதால் பார்த்தாள், சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை.

"இல்ல சேர்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு சேரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஆய்வு செய்தவள் என்று அவர் நினைத்துவிடுவாரே என்ற வெட்கம். அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் துள்ளிக் குதித்து, "போய் இன்னொரு கான் கிணத்துத் தண்ணி அள்ளிக்கொண்டு வாங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

முக்கோணங்களை ஆய்வறிக்கையில் இருந்து எடுத்துவிட்டோம். திருப்பிச் செய்ய முடியாததை எழுத முடியாது என்று சேர் சொன்னது நியாயம். என் பகுதியில் பொட்டுப் பொட்டான படலங்கள் இருந்தன, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தவை. எனக்கு எழுதிய கடிதத்தில், எதையும் திருப்பிச் செய்து காட்டக்கூடிய நம்பகமான மாணவி என்று சேர் எழுதியிருந்தார். றிஸ்னா தனக்குக் கடிதம் கேட்கவே போகவில்லை.

5

நான் புறப்படுவதற்கு முதல் நாள் ஏறாவூருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ் நிற்கும் இடம்வரை றிஸ்னா கூட வந்தாள். கைப்பையில் இருந்து சின்ன உறை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே அந்தத் தட்டு.

"அங்க நல்ல மெசினெல்லாம் இரிக்குமாம். ஒருக்காப் பாத்துச் சொல்லு கா. நான் பாத்தது மெய்யா பொய்யா எண்டு மட்டும் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றன்," என்றேன்.

முதல் வருடம் இரண்டு தடவை கேட்டாள். பாத்தியா? இன்னும் நேரம் கிடைக்கல்ல என்று எழுதினேன். பிறகு அவள் கேட்கவில்லை. கல்யாண வாழ்த்து, பிள்ளை பிறந்த வாழ்த்து, பெருநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து என்று வட்சப்பில் ஓடிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வருடம் உல்ரிக்க ஒரு சிட்டிகை உப்பை நிறுத்து எனக்கு முன்னால் வைத்து, "இதையும் சேர்த்துப் பார்" என்றா. மாலையில் நுணுக்குக்காட்டியில் குனிந்தேன். வந்தாறுமூலையில் பார்த்த அதே முக்கோணங்கள். உல்ரிக்க தோளில் தட்டி, முதல் முறையே இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்றா. முதல் முறை இல்லை என்று சொல்ல எனக்கு ஜேர்மன் வரவில்லை. தமிழும் வரவில்லை.

அன்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். உப்பு கா, எங்கட கிணத்து உப்பு, நீ பாத்தது மெய். எழுதவில்லை. உப்பு என்று சொன்னால் தண்ணீரைப் பற்றிக் கேட்பாள், தண்ணீர் என்றால் சேர் கேட்ட கேள்வி வரும், அதற்கு நான் சொன்ன பதில் வரும். ஒன்பது வருடம் உப்பைப் பற்றி மாநாட்டுக்கு மாநாடு பேசினேன். கேட்கவேண்டிய ஒருத்தியிடம் மட்டும் பேசவில்லை.

உலகத்தில் உப்பின் வேலையை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் எங்களுக்கு அது விளங்கியிருக்குமோ என்னவோ. றிஸ்னா உலையை விட்டுப் போயிருக்க மாட்டாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

6

பட்டச் சான்றிதழ் தேடி அலுமாரியின் மேல்தட்டை இறக்கியபோது ஆய்வறிக்கைக்குள் இருந்து அந்த உறை விழுந்தது. என் மகள் ஆரபிக்கு ஒன்பது வயது. அவள்தான் எடுத்தாள். உறைமேல் றிஸ்னாவின் எழுத்தில் திகதியும், "வைகாசி, மூன்றாம் முறை" என்றும் இருந்தது. தமிழ் எழுத்தை ஆரபி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வைகாசி என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் எங்களோடு ஜேர்மனில்தான் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். அம்மம்மாவோடு தொலைபேசியில் மட்டும் "ஓம், சாப்பிட்டன்" என்று இரண்டு சொல். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தாலும் வந்து முழுவதையும் சொல்கிற பிள்ளை. நான் பாதியை விழுங்குகிறவள்.

மறுநாள் தட்டை வேலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் சில மூலைகள் உதிர்ந்திருந்தன. ஆனாலும் முக்கோணங்கள் அப்படியே இருந்தன. எந்த மூலகம் இருக்கிறது என்று காட்டும் கருவியில் வைத்தேன். மொலிப்டினம், கந்தகம், அவற்றுக்குப் பக்கத்தில் சோடியம். விரல் பட்டாலே சோடியம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே வந்தாறுமூலையில் நான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தூள் கரைசல் இரண்டு. ஒன்று சுத்தமான தண்ணீரில். மற்றது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் எப்படிக் கரித்ததோ அவ்வளவு கறியுப்புப் போட்ட தண்ணீரில். முதலாவதில் பொட்டுகள், இரண்டாவதில் முக்கோணங்கள். மூன்று நாள் திருப்பிச் செய்தேன். மூன்று நாளும் அதேதான்.

வீட்டில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரபி வந்து நின்றாள். அவளுக்கு விளங்குகிற மாதிரிக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜேர்மனில் கேட்டாள்.

"அந்த அன்ரிக்கு இது தெரியுமா?"

"இல்ல."

"அவ இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாவா?"

நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

7

இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, தூசி உறிஞ்சும் மெசின் போடக்கூடாது. கீழ்வீட்டு அம்மா ஒருமுறை நாங்கள் மாவிடித்த சத்தத்துக்குக் கடிதமே எழுதிப் போட்டவ. அதனால் ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். அப்படி ஒரு ஞாயிறு காலையில், ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு றிஸ்னாவை அழைத்தேன்.

அவள் ஏறாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சுகம் விசாரித்தாள், பனி கொட்டுதா என்றாள். நான் சுற்றி வளைத்தால் இன்னொரு ஒன்பது வருடம் போய்விடும் என்று பயந்து நேரே சொன்னேன்.

"றிஸ்னா, நீ தந்த தட்டப் பாத்தன். முக்கோணம் மெய். உப்பாலதான் வளந்திரிக்கு. அந்தக் கிழமை கான்ல தண்ணி மாறிட்டு."

அந்தப் பக்கம் அவள் மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"தண்ணி தானா மாறுமா கா?"

"அம்மா சடங்குக்குக் கானக் கவிட்டுட்டு எங்கட கிணத்துல அள்ளி வெச்சிருந்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொண்டுவந்தன். பிறகு கான்ல உப்பு வளையம் பாத்தன். அதையும் கழுவிட்டன். சேர் கேக்கக்குள்ள இல்லையெண்டு சொன்னன்."

"சேர் கேக்கக்குள்ள உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

அவள் ஏசுவாள் என்று நினைத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பள்ளிக்குடத்துல பரிசோதனை செய்து காட்டுற பாடமிரிக்கி," என்றாள் மெதுவாக. "அந்தப் பாடத்துக்கு நான் மற்ற டீச்சர விட்டிருவன். புள்ளயள் கேப்பாங்க, ஏன் டீச்சர் நீங்க செய்யிறல்ல எண்டு. தலையிடி எண்டு சொல்லுவன். நுணுக்குக்காட்டிக்குள்ள பாத்தா என்ட கண்ணையே எனக்கு நம்ப ஏலாது கா. மூணு தரம் கதவு பூட்டினனா எண்டு போய்ப் பாத்திட்டுத்தான் படுப்பன். எங்கட வீட்டுக்காரர் சிரிப்பார்."

நான் அழுதேன். அழ எனக்கு என்ன உரிமை என்று தெரிந்தும் அழுதேன்.

"மன்னிச்சுக்க எண்டு கேக்கவும் வெக்கமா இரிக்கு," என்றேன்.

"அத விடு. நீ அழாத. ஒரு வேலை செய். இத வாப்பாக்கிட்டச் சொல்லு."

"வாப்பாக்கிட்டயா?"

"அண்டைக்குக் கேட்டவர், மகள், மெய்யாப் பாத்தியா எண்டு. தெரியா வாப்பா எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு கடையில என்னப்பத்தி ஒண்ணும் பேசல்ல அவர். இரி, குடுக்கிறன். உரத்துப் பேசு கா. இப்ப அவருக்குக் காது கேக்கிறல்ல."

செருப்புச் சத்தம், கதிரை இழுபடும் சத்தம். பிறகு வாப்பாவின் குரல். தளர்ந்துபோயிருந்தாலும் அதே குரல்.

"ஆரு?"

"நாவற்குடா சுபா, வாப்பா!"

"ஆரு?"

நான் கதவைப் பார்த்தேன். ஆரபி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கணவர். கீழே கடிதம் எழுதுகிற அம்மா. நான் தொண்டையைத் திறந்தேன்.

"சுபா வாப்பா! சுபா! றிஸ்னா பாத்தது மெய்! நான்தான் கிணத்துத் தண்ணியக் கொண்டுவந்தன்! நான்தான் சேருக்குப் பொய் சொன்னன்!"

"என்னவாம் மகள்?" என்று அவர் றிஸ்னாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. "திருப்பிச் சொல்லு கா," என்றாள் என்னிடம்.

திருப்பிச் சொன்னேன். கீழ்வீட்டில் யாரோ சத்தம் தாங்காமல் தங்கள் கூரையில் தட்டினார்கள். மூன்றாவது முறையும் சொன்னேன், ஒரு சொல் குறையாமல்.

இந்த முறை அவருக்குக் கேட்டது.

"அப்ப என்ட புள்ள பாத்தது சரியா?"

"சரி வாப்பா! சரி!"

அவர் பெருமூச்சு விட்டது காதுக்குள் வந்து விழுந்தது.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள்."

"ஓம் வாப்பா," என்றேன். அவருக்கு அது கேட்கவில்லை. இன்னும் உரத்துச் சொன்னேன்.